‘வீணாகும்’ தண்ணீரும் கழிமுகத்துத் தட்டான்களும்

நதிகளைப் பற்றி நம்மிடையே புழங்கும் சொல்லாடல்களில் மிக வலிமையானது ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கிறது: ‘வீண்’. ‘ஆத்துத் தண்ணி வீணாக் கடலுக்குப் போகுது’ என்று எங்கள் கல்லிடைக்குறிச்சி டீக்கடையில் சொல்கிறார்கள். மேடையிலும் சொல்கிறார்கள். கோப்புக்குள் நுழையும்போது அதே சொல் ‘உபரி’ என்று சட்டை மாற்றிக்கொள்கிறது. கட்சி, சாதி, வர்க்கம் தாண்டி எல்லோரும் தலையாட்டும் வாக்கியம் எதுவானாலும் அதைச் சந்தேகிக்க வேண்டும் என்பது இப்பத்திரிகையின் வாசகர்களுக்குப் புதிதல்ல. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் கழிமுகத்தில் நின்று, புரட்டாசி மாதத்துப் பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் தட்டான்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, இந்த வாக்கியத்தை வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

ஏன் புரட்டாசி? எங்கள் பக்கத்தில் அது கார் அறுவடைக்கும் பிசானத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி. கால்வாய்களில் தண்ணீர் சுருங்கிவிடும். ஆற்றின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஆறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். ஆனால் வடக்கேயிருந்து வலசை வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கோட்டான்களும் கழிமுகத்துச் சேற்றில் இறங்குவது இந்தச் சமயத்தில்தான். 2011 முதல் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. நல்ல காரியம். ஆனால் அது நடப்பது ஜனவரியில், குளங்கள் நிறைந்திருக்கும்போது. நிறைவைக் கணக்கிடுவது போலவே பற்றாக்குறையையும் கணக்கிட வேண்டும். அதற்கான மாதம் புரட்டாசி.

முதலில் சேறு. உள்ளான் தன் அலகை நுழைத்துப் புழு தேடும் அந்தச் சேறு கடல் கொடுத்ததல்ல. பொதிகையிலிருந்து ஆறு சுமந்துவந்தது. கொற்கை ஒரு காலத்தில் துறைமுகம். இன்று கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. பிறகு பழையகாயல், அதன்பின் புன்னைக்காயல் என்று துறைமுகமே கிழக்கே நகர்ந்துபோனது. இந்த நகர்வை நடத்தியது ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். பாண்டியரின் முத்துத் துறையைப் பற்றி ஆய்வேடுகளில் பெருமிதம் கொள்கிறோம். நெய்தல் திணைக்கு உரை எழுதுகிறோம். அந்த நிலம் ‘வீணாகப்’ போன தண்ணீரால் ஆனது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறோம். நெய்தல் நமக்கு இலக்கியம். அங்கே இறாலும் மடவையும் பிடிக்கிறவனுக்கு அது இன்றைய சாப்பாடு. இறால் குஞ்சுகள் வளர்வது ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இந்தக் கழியில்தான்.

அடுத்து வண்ணத்துப்பூச்சிகள். கடலோர உகாய் மரத்தில் முட்டையிட்டு வாழும் ஒரு சிறிய இளஞ்சிவப்பு இனம் உண்டு. அந்த மரத்தை வெட்டினால் அதுவும் போயிற்று. கரையோரத் தேள்கொடுக்குச் செடியில் நீலவரிப் பூச்சிகள் கூட்டமாகத் தொங்குவது தேனுக்காக மட்டுமல்ல. ஆண் பூச்சிகள் இணை சேர்வதற்கு வேண்டிய வேதிப்பொருள் அந்தச் செடியில் இருக்கிறது. நம் பார்வையில் அது களை, பிடுங்கி எறிய வேண்டியது. ‘களை’, ‘உபரி’, ‘வீண்’ எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

தட்டான்களிடம் வரும்போது விஷயம் கூர்மையாகிறது. தட்டான் காற்றில் பறப்பது வாழ்வின் சிறு பகுதி. அதற்கு முந்தைய வாழ்வு தண்ணீருக்குள். உப்பைத் தாங்கும் தட்டான் இனங்கள் சிலவே. பெரும்பாலானவற்றின் குஞ்சுகளுக்கு நன்னீர் வேண்டும். ஆகவே கழிமுகத்தில் எத்தனை வகைத் தட்டான், ஊசித்தட்டான் பிறக்கின்றன என்பது, ஆற்றுநீர் எதுவரை வந்து சேர்ந்தது என்பதற்கான சாட்சியம். மழைக்காற்றோடு கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான் மழைக்குட்டைகளில் சில வாரங்களிலேயே வளர்ந்துவிடும். அது இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை கடல் தாண்டுகிறது என்று 2009ல் சார்லஸ் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் எழுதினார். மாலத்தீவில் அக்டோபரில் தட்டான்கள் திரளாக வந்து இறங்குவதையும், அவை பிறப்பதற்கான நன்னீர் அங்கே அநேகமாக இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்து அவர் இந்த முடிவுக்கு வந்தார். எந்தக் கணக்கிலும் சேராத ஒரு குட்டை ஒரு பெருங்கடலோடு உறவு வைத்திருக்கிறது.

இனி அரசியலுக்கு வருவோம். எங்கள் ஊர் வழியாக ஓடும் கன்னடியன் கால்வாயிலிருந்து, வெள்ளாங்குளியில் பிரித்து, சாத்தான்குளம், திசையன்விளை வறண்ட பகுதிகளுக்கு வெள்ளநீரைக் கொண்டுபோகும் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009ல் தொடங்கி 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சுமார் 75 கிலோமீட்டர் நீளம். அந்தப் பக்கத்து மானாவாரி விவசாயிக்குத் தண்ணீர் கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்கு இந்த ஆற்று நீரைக் கொடுத்ததை எதிர்த்த வழக்கு 2017ல் மதுரைக் கிளையில் தள்ளுபடியானபோதும் ‘உபரி’ என்ற இதே சொல்தான் கைகொடுத்தது. விவசாயிக்கும் ஆலைக்கும் ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது என்றால், அந்தச் சொல் யாருக்காக வேலை செய்கிறது என்று கேட்டாக வேண்டும்.

இவ்விடத்தில் இயற்கை ஆர்வலர்களையும் விட்டுவிட முடியாது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களில் 17 பேர், போலீஸ் தடியடியைத் தொடர்ந்து, இதே ஆற்றில் செத்தார்கள். 2024ல் தேயிலைக் கம்பெனி கடையைக் கட்டியபோது தலைமுறைகளாக அங்கே உழைத்தவர்கள் மலையைவிட்டு இறங்க வேண்டியதாயிற்று. காடு மீள்கிறது என்று மகிழ்ந்தவர்கள், மனிதர்களும் ‘உபரி’யாக்கப்படுவதைக் கவனித்தார்களா? பைனாகுலரில் பறவை மட்டும் தெரிந்து, பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாமல் போனால், பழுது பார்வையில்தான் இருக்கிறது.

மாற்று இல்லாமலில்லை. எங்கள் ஊருக்குக் கிழக்கே திருப்புடைமருதூரில், கோயிலைச் சுற்றிய மருத மரங்களில் கூடுகட்டும் பறவைகளை ஊர்க்காரர்களே காத்துவந்தார்கள். அவர்கள் முன்னெடுத்ததால் 2005ல் அது இந்தியாவின் முதல் ‘பாதுகாப்புக் காப்பிடம்’ ஆயிற்று. பரப்பு 2.84 ஹெக்டேர்தான். அங்கே பார்க்கிறவனும் வாழ்கிறவனும் ஒரே ஆள்.

ஆகவே கழிமுகத்தைப் பார்ப்பதைப் பொழுதுபோக்குக்காரர்களிடம் விட்டுவிடக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது. தண்ணீருக்காகப் போராடுகிற தோழர்கள் புரட்டாசிதோறும் கன்னடியன் அணைக்கட்டிலிருந்து புன்னைக்காயல் வரை தட்டான்களையும் பறவைகளையும் தேதி போட்டு எழுதி வைக்கலாம். புன்னைக்காயல் மீனவர்களின் பேச்சையும் அதே நோட்டில் எழுத வேண்டும். ஆலைக்கு இவ்வளவு, பாசனத்துக்கு இவ்வளவு என்று அளக்கிற இடத்தில், ஆற்றின் வாய்க்கும் இவ்வளவு என்று எழுத்தில் பங்கு கேட்பதற்கு அந்த நோட்டு வேண்டியிருக்கும்.