முறையீட்டில் நகை

முறையீடு வெகுளியிற் பிறப்பது. விலை கொடுத்துத் தாழ்ந்த பொருளைப் பெற்றவனும், பசித்து வந்து நெடும்பொழுது காத்திருந்தவனும், ஒருவர் பிழையால் அவைநடுவே நாணியவனும் எழுதும் எழுத்து அது. அவ்வெழுத்தில் நகை தோன்றுவது எங்ஙனம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனை நிலைக்களன்களாகக் கூறினார். வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கனைக் கூறினார். இவ்விரு வரிசைக்கும் பொதுவாய சொல் ஒன்றேனும் இல்லை. ஆயினும் சத்திரத்தார்க்கும் வணிக நிலையத்தார்க்கும் புகைவண்டி அலுவலகத்தார்க்கும் சினந்தோர் விடுத்த முறையீடுகளுள் சில, படிப்போரை வயிறு குலுங்க நகைக்கச் செய்வதைக் காண்கின்றோம். இவற்றை இலக்கியத்தின் புறத்தே நிறுத்திப் பொழுதுபோக்கிற்கு உரியன என்று விடுப்பது வழக்கம். அவ்வழக்கம் பொருந்தாது என்பது எம் கருத்து.

செய்யுளியல் இதற்கு ஒரு திறவுகோலைத் தருகின்றது. அங்கதம் செம்பொருள் எனவும் கரந்தது எனவும் இருவகைப்படும் என்றும், வெளிப்படையாய்ப் பழிப்பது வசை என்றும், பழியை மொழியுள் மறைத்துக் கூறுவது பழிகரப்பு என்றும் ஆண்டு வகுக்கப்பட்டுள்ளது. ஊர் என்னும் பழம்பதியில் கிடைத்து இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள சுடுமண் பலகை, செம்பொருளுக்கு நல்ல சான்று. ஏறத்தாழ கி.மு. 1750இல் நன்னி என்பான் ஈயா நாசிர் என்னும் செம்பு வணிகனுக்கு எழுதியது அது. தரங்குறைந்த செம்பைக் காட்டினாய், என் ஆட்களை இழிவாக நடத்தினாய் என்று அவன் நேரே சாடுகின்றான். அதில் நகை ஒரு சிறிதும் இல்லை. இன்று அதைக் கண்டு உலகம் நகைப்பது, நாலாயிரம் ஆண்டு கழிந்தும் வணிகமும் வாடிக்கையும் மாறாதிருத்தல் கண்டேயன்றி, நன்னியின் சொல்வன்மையால் அன்று. ஆகவே நம் ஆராய்ச்சிக்கு உரியது பழிகரப்பே.

தமிழில் இதற்குத் தலையாய சான்று, பதினைந்தாம் நூற்றாண்டினரான காளமேகப் புலவர் நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தைப் பாடியதாகத் தனிப்பாடல் திரட்டில் வழங்கும் வெண்பா. சத்திரத்திற்கு அரிசி வந்து சேரும்போது ஞாயிறு மறைகின்றது. குத்தி உலையில் இடும்போது ஊர் உறங்கிவிடுகின்றது. ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி தோன்றுகின்றது. பாட்டின் பொருள் இவ்வளவே. சத்திரத் தலைவன் வந்து வருந்தி வேண்ட, புலவர் சொல்லை மாற்றாமலே பொருளை மாற்றினார் என்பது கதை. நாட்டில் விளைவற்ற காலத்தும் இங்கு அரிசி வரும். உலையிலிட்டதும் ஊரார் பசி அடங்கும். இலையில் இட்ட சோற்றின் வெண்மைக்கு நாணி வெள்ளிமீன் எழுந்தோடும் என்று உரை கூறினாராம். இக்கதை நிகழ்ந்தது எனத் துணிதற்கில்லை. தனிப்பாடற் கதைகள் பெரும்பாலன செவிவழி வந்தவை. பாட்டு இருபொருள் பயப்பது மட்டும் உறுதி.

இதனைச் சிலேடைத் திறம் என்று பாராட்டி மேற்செல்வதே உரையாசிரியர் பலர்க்கும் வழக்கமாயிருந்தது. யாம் சிறிது நின்று நோக்க விழைகின்றோம். முதற்கண், பாட்டில் பழிச்சொல் ஒன்றுமில்லை. சோம்பேறி, கஞ்சன், பொய்யன் என்று எவனும் ஏசப்படவில்லை. உள்ளது காலக்கணக்கு ஒன்றே. மாலை, நள்ளிரவு, விடியல் என்று சத்திரத்தின் கடிகாரம் வானத்தில் தொங்குகின்றது. ஞாயிறும் விண்மீனும் தத்தம் காலம் தவறாமல் வந்துபோக, சோறு மட்டும் வரவில்லை. நகை பிறக்கும் இடம் இதுவே. அடுத்து, 'ஓர் அகப்பை' என்னும் அளவு கருதத்தக்கது. இரவு முழுதும் காத்தவன் பெற்றது இவ்வளவுதான் என்பது மிகையுரை அன்று. எண்ணிச் சொன்ன கணக்கு. மூன்றாவதாகவும் சிறப்பாகவும் கருதத்தக்கது, பாட்டின் இரண்டாம் பொருள். அது காத்தானுக்குத் திறந்து வைத்த கதவு. குறைகூறப்பட்டவன் தன் மானத்தோடு மீண்டு வருதற்கு வழி வைத்துக் குறை கூறுவதே முறையீட்டின் நுட்பம். வசை வழியை அடைத்துவிடும். அடைபட்டவன் சினப்பானேயன்றித் திருந்தான்.

மோர் விற்ற ஆய்ச்சியைப் பற்றி அவர் பாடியதாக வழங்கும் பாட்டும் இவ்வினத்ததே. வானத்தில் ஒரு பெயர், மண்ணில் ஒரு பெயர், ஆய்ச்சியின் கலத்தை அடைந்தபோது மூன்றாம் பெயர் என்று புலவர் மோரையே விளித்து, அது பெற்ற பேறுகளைப் பாராட்டுகின்றார். நீர் கலந்தாய் என்று விற்றவளிடம் ஒரு சொல்லும் இல்லை. ஆய்ச்சி அருகே நின்று கேட்கின்றாள் என்பதை மறவாமல் படித்தால்தான் இப்பாட்டின் சுவை விளங்கும்.

பழியைக் கரத்தல் வெறும் அணியழகு என்று கொள்வோர் உளர். அவ்வாறாயின் சங்ககாலத்து ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றபோது (புறநானூறு, 95) நேரே பேசியிருக்கலாம். அவன் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க மனையில் இருக்கின்றன என்றும், அதியமானுடையவை பகைவரைக் குத்திச் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றும் மட்டுமே அவர் கூறுகின்றார். வேற்றரசன் அவையில் நிற்கும் தூதுவர்க்கு வேறு மொழி இல்லை. ஆற்றல் ஒருபுறம் மிக்கும் ஒருபுறம் குறைந்தும் நிற்குமிடத்திலேதான் கரந்த மொழி பிறக்கின்றது. தனியொருவன் ஒரு பெருநிறுவனத்திற்கு எழுதும் மடலும் அத்தகைய இடமே. பெருஞ்சித்திரனாரோ இளவெளிமானிடம் மொழியைக் கரக்கவில்லை. குமணன் தந்த யானையை அவன் காவல்மரத்திற் கட்டிவிட்டுச் சென்றார் (புறநானூறு, 162). வேறொரு புரவலன் யானை கொடுத்த பின்னரே அவர்க்கு அது இயன்றது என்பதை நினைவிற் கொள்க.

இனி, நம் நாட்டிற் புகழ்பெற்ற உரைநடை முறையீடு ஒன்றனைக் காண்போம். 1909ஆம் ஆண்டில் வங்கத்துப் பயணி ஒருவர், ஒகில் சந்திர சென் என்பார், சாகிப்கஞ்சில் இருந்த புகைவண்டிக் கோட்ட அலுவலகத்திற்கு ஆங்கிலத்தில் எழுதிய மடல் அது. புதுதில்லிப் புகைவண்டி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பலாப்பழம் மிகுதியாய் உண்டு வயிறு உப்பியவராய் அவர் அகமதுபூர் நிலையத்தில் இறங்கி ஒதுக்கிடம் சென்றார். காவலர் ஊதுகுழலை ஊதிவிட்டார். ஒரு கையில் செம்பும் மறுகையில் வேட்டியுமாக ஓடிவந்தவர் இடறி விழுந்தார், நடைமேடையில் நின்ற ஆடவரும் பெண்டிரும் காணத் தம் மானம் இழந்தார், வண்டியும் போய்விட்டது. ஐந்து மணித்துளி பொறாத அக்காவலர்க்குப் பொதுநலம் கருதிப் பெருந்தண்டம் விதிக்க வேண்டும், இல்லையேல் செய்தித்தாள்களுக்கு எழுதுவேன் என்று மடல் முடிகின்றது.

இம்மடலை மாணவர் முன் படித்தபோதெல்லாம் வகுப்பு முழுதும் நகைத்தது. யாமும் உடன் நகைத்தோம். நெடுங்காலம் இந்நகையைப் பேதைமை என்னும் நிலைக்களத்தில் வைத்தே விளக்கியும் வந்தோம். ஏனெனில் மடலின் ஆங்கிலம் இலக்கணம் சிதைந்தது. சிரிப்பு அச்சிதைவிலிருந்தே எழுவதாகத் தோன்றும். இப்போது அவ்விளக்கம் பிழை எனக் கருதுகின்றோம். மேலே தமிழில் கூறியபோது அச்சிதைவு முற்றும் நீங்கிவிட்டது. நகை நீங்கியதா? நீங்கவில்லை. அது மொழிப்பிழையில் தங்கியிருக்கவில்லை. செம்பிலும் வேட்டியிலும் தங்கியிருந்தது. இரு கையும் நிறைந்தவன் ஓடும் வண்டியின் கைப்பிடியை எதனால் பற்றுவான்? ஒன்றை விட்டால் மானம் போகும், மற்றொன்றை விட்டால் தூய்மை போகும், இரண்டையும் விடாமையால் வண்டி போயிற்று. இவ்வொரு காட்சியால் அவர் தம் வழக்கு முழுவதையும் நாட்டிவிட்டார். காவலர் கொடியர் என்று ஏடு நிரப்பியிருந்தாலும் இவ்வளவு பயன் விளைந்திராது.

பேராசிரியர் எள்ளலுக்கு உரை கூறுமிடத்து, தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதல் என இரண்டாக்கினார். இவ்வுரை முறையீட்டிற்கு மிகவும் வேண்டப்படுவது. சென் தம் வீழ்ச்சியை மறைக்கவில்லை. ஊரார் கண்டதை அலுவலகத்தாரும் காணுமாறு தாமே எழுதி வைத்தார். அவர் எழுதும்போது நகைத்தாரா என்பதை அறிய வழியில்லை. நகைத்திலர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளாமல் மெய்யைச் சொன்ன துணிவு அவருடையதே. ஆங்கிலம் நன்கு கற்ற ஒருவர், 'இயற்கை உபாதையின் நிமித்தம் வண்டியைத் தவறவிட நேர்ந்தது' என்று எழுதியிருப்பார். அம்மடல் கோப்பினுள் மறைந்திருக்கும். (யாம் பல அலுவலகங்களுக்கு விடுத்த விண்ணப்பங்கள் இலக்கணப் பிழையின்றி அமைந்தன; அவற்றுள் ஒன்றற்கும் விடை வந்ததில்லை.) இம்மடலாலேயே தாழ்ந்த வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை அமைந்தது என்று பலரும் கூறுவர். ஒரு மடலால் மட்டுமே ஓர் ஏற்பாடு பிறந்தது எனத் துணிதற்கு அலுவலகச் சான்று வேண்டும். மடலின் இலக்கியத் தகுதி அதனால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

மேனாட்டார் எழுதியவற்றுள் மார்க் துவைன் 1891 பிப்ரவரியில் ஆர்ட்ஃபர்டு நகரத்து எரிவாயு நிறுவனத்திற்கு விடுத்த மடல் பெயர்பெற்றது. முன்னறிவிப்பின்றி வாயுவை நிறுத்தும் வழக்கத்தை அதில் கண்டிக்கின்றார். நீங்கள் என்னை என்றேனும் ஒருநாள் எரிச்சலின் எல்லைக்கு அருகில் கொண்டுபோய்விடக்கூடும் என்று மென்மையாய்த் தொடங்கும் அதே வாக்கியத்தில் கடுஞ்சாபச் சொற்களை அடுக்குகின்றார். எல்லையைக் கடந்து நெடுந்தொலைவு சென்றுவிட்டவன், இன்னும் எல்லையை அணுகவில்லை எனக் கூறுவதே நகை. நல்ல உத்திதான். ஆயினும் புகழ்மிக்க எழுத்தாளர் ஒருவர் உள்ளூர் நிறுவனத்தை ஏசுவதில் இழக்கத்தக்கது ஒன்றும் இல்லை. அகமதுபூர்ப் பயணியின் மடலை இதனினும் மேலாக யாம் மதிப்பது இதனாலேயே.

வேடம் புனைந்து எழுதும் மடல்கள் தனி வகை. அமெரிக்க நகைச்சுவையாளர் டான் நோவெல்லோ, லாஸ்லோ தோத் என்னும் புனைபெயரில் தலைவர்களுக்கும் நிறுவனங்களுக்கும் விடுத்த மடல்களையும் பெற்ற விடைகளையும் 1977இல் நூலாக்கினார். 1972இல் மைக்கேலாஞ்சலோவின் சிற்பத்தைச் சுத்தியலால் சிதைத்தவனின் பெயரை ஒட்டியது அப்புனைபெயர். இங்கிலாந்தில் வில்லியம் டொனால்டுசன், ஓய்வுபெற்ற மீன் வணிகர் என்று புனைந்த என்றி ரூட் என்பாரின் மடல்களை 1980இல் வெளியிட்டார். பெரியோர்க்கு எழுதிய மடலோடு ஒரு பவுன் தாளையும் வைத்து அனுப்புவது ரூட்டின் வழக்கம். இவ்விரு நூல்களையும் சுவைத்துப் படித்தோம். ஆயினும் இவர்களுக்குக் குறை ஒன்றும் நேர்ந்ததில்லை, தீர்வும் வேண்டியதில்லை. மடலைப் பெறுபவர் உண்மையான கேட்போர் அல்லர். நூலை வாங்கப்போகும் நாமே கேட்போர். விடை எழுதும் எழுத்தர் அறியாமலே மேடையில் ஏற்றப்படுகின்றார். காத்தானுக்குத் திறந்திருந்த கதவு அவர்க்கு இல்லை. அவர் பணிவாய் விடை எழுத எழுத நகை மிகும்.

எனினும் நோவெல்லோவின் மடல் ஒன்றை விலக்க மனம் வரவில்லை. குளியல் நுரைத்தூள் செய்யும் நிறுவனம் ஒன்றற்கு எழுதப்பட்டது அது. பெட்டியின்மேல் ஈரம் படாமல் வைக்க என்று அச்சிட்டிருக்கின்றீர்கள். நனைக்காமல் இதனைப் பயன்படுத்துவது எங்ஙனம் என்று தோத் பணிவோடு வினவுகின்றார். பெட்டியில் அச்சிட்ட சொல்லைச் சொல்லளவில் நம்பியவனின் மடன் இது. தொல்காப்பியர் கூறிய நான்காம் நிலைக்களன். ஈண்டு எழுத்தர் எள்ளப்படவில்லை. எவரும் படிப்பார் என்று எண்ணாமல் எழுதப்பட்ட ஒரு வாசகமே எள்ளப்படுகின்றது. வேடமடல்களுள் இத்தகையன மிகச் சில. அவற்றை மட்டும் பழிகரப்பின் பாற்படுத்தலாம். ஏனையவற்றைக் கூத்தின்பாற் படுத்துவதே பொருந்தும்.