ஞானஸ்நானம் பெறாத குழவிகளின் கதி

ஆதாம் செய்த பிழை அவன் வழித்தோன்றல் அனைவரையும் பிறப்பொடு பற்றுகின்றது என்பதும், ஞானஸ்நானத்தால் அது நீங்கும் என்பதும் கத்தோலிக்கக் கிறிஸ்தவர் கொள்கை. அங்ஙனமாயின், அந்நீராட்டுப் பெறுமுன் இறந்த பச்சிளங் குழவியின் கதி யாது?

ஹிப்போ நகரத்து மேற்றிராணியார் அகுஸ்தீனார் (354–430), பெலாகியுஸ் என்பாரொடு வாதிட்டகாலை, அக்குழவிகளும் தண்டனைக்கு உரியனவே, ஆயின் அவற்றின் வேதனை மிகச் சிறிது என்றார். அவர்க்குத் துணையாய் நின்றவற்றுள் ஒன்று, பவுல் உரோமர்க்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்துப் பன்னிரண்டாம் வசனம். அதன் ஈற்றிலுள்ள கிரேக்கத் தொடர் ஏதுப்பொருள் உணர்த்துவது என்பது இக்காலக் கிரேக்கப் புலவர் பெரும்பாலார் துணிபு. அவர் கையாண்ட இலத்தீன் பெயர்ப்போ அதனை இடப்பொருள்படக் கொண்டு, அனைவரும் ஆதாமினிடத்தே பாவஞ் செய்தாராக உரைத்தது. அவர் கொள்கைக்கு அதுவே முழு ஆதாரமன்று. எனினும், வேற்றுமை மயங்கிய சிறு சொல்லொன்றின்மேல் எண்ணிறந்த குழவிகளின் கதி ஏற்றப்பட்டது. உருபு மயக்கம் ஆராய்தல் பண்டிதர் பொழுதுபோக்கு என்று எள்ளுவார் இதனை நோக்குக.

தாமஸ் அக்குவினாஸ் (இறப்பு 1274) முதலியோர் லிம்போ என்னும் இடத்தை உரைத்து, ஆண்டு வேதனையும் இல்லை, தெய்வதரிசனமும் இல்லை என்றனர். அது விதிக்கப்பட்ட விசுவாசப் பொருள் அன்றாயினும் நூற்றாண்டுகள் பலவாகக் கற்பிக்கப்பட்டது. அயர்லாந்தில் இக்குழவிகளைச் சபையின் இடுகாட்டிற் புதையாமல், கில்லீன் எனப்படும் தனியிடங்களிற் பெயர் பொறியாத கற்களின்கீழ்ப் புதைத்தனர். இருபதாம் நூற்றாண்டிலும் அவ்வழக்கு இருந்தது. மகவிழந்த தாயர்க்கு இஃதோர் இரண்டாஞ் சாவு.

1992-ல் வெளியான கத்தோலிக்க வேதோபதேச நூல் அக்குழவிகளை இறைவன் இரக்கத்திற்கு ஒப்புவித்தது. 2007-ல் போப்பாண்டவர் 16-ஆம் பெனடிக்டின் இசைவொடு வெளிவந்த வேதசாத்திரிகள் குழுவின் அறிக்கை, அவை ஈடேறும் என்று நம்புதற்குத் தக்க காரணம் உண்டென்றது, உறுதி கூறிற்றிலது. இவ்விரக்கம் பாராட்டற்பாலதே. ஆயினும் ஜன்மபாவக் கொள்கை அவ்வண்ணமே நிறுத்தப்பட்டமையின், வினா தீர்ந்திலது.

ஆணவமலமும் ஜன்மபாவமும் ஒன்றே என்பாரும் உளர். அது பொருந்தாது. ஆணவம் செம்பிற் களிம்புபோல் அநாதியே உயிரைப் பற்றியது, ஒருவன் செய்த செயலன்று, தந்தைவழி வருவதுமன்று. ஆதலின் அது மருந்துக்கு உரியதன்றித் தண்டத்துக்கு உரியதன்று. குழவியின் சாவு அதன் பிராரத்தம் அவ்வளவில் முடிந்தமையால் நிகழ்வது. பக்குவம் எய்துதற்கு அவ்வுயிர்க்குப் பின்னும் பிறவி உண்டு. நினைவில்லாத வினையின் பயனை நுகர்தலும் அநீதியன்றோ என்று பாதிரிமார் வினவுவர். நினைவின்மையாற் செய்தவன் வேறாகான். ஆதாமும் குழவியுமோ வேறு வேறாதல் அவர்க்கும் உடன்பாடு. குழவி அன்று ஆதாமினுள் இருந்தது என்னின், அதற்கே அவ்விடப்பொருள் வேண்டப்பட்டது.