மனோஜியப்பா: ஆற்றை அறிந்த தளபதி, வாக்கை மறந்த தளபதி

தஞ்சையில் மனோஜியப்பா வீதி இருக்கிறது. நகரை ஒட்டி மனோஜிப்பட்டி இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கின் காலத்தில், அதாவது 1739 முதல் 1763 வரையிலான கொந்தளிப்பான ஆண்டுகளில், இந்தச் சிறிய அரசு பிழைத்துக் கிடந்ததற்குப் பெரும் காரணம் படைத்தலைவர் மனோஜி. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஆற்காட்டு நவாபு, மைசூர்ப் படை, முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை என எல்லோரும் காவிரி நெல்லுக்காக வந்துபோன காலம் அது.

அவருடைய பலம் எது என்பது காவிரி டெல்டாவிலுள்ள வலங்கைமான் போன்ற ஊரில் வளர்ந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். குடமுருட்டிக் கரையில் நின்று தெற்கே நடந்தால் ஆறு, வாய்க்கால், வடிகால், மறுபடி ஆறு என்று நிலம் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. தண்ணீர் வந்துவிட்டால் அந்நியன் குதிரையோடு எங்கே இறங்குவான், எங்கே ஏறுவான்? 1754 வாக்கில் முராரி ராவின் குதிரைவீரர் சுமார் 1,200 பேர் தஞ்சை நாட்டுக்குள் புகுந்து, மழையில் பெருகிய ஆற்றின் இரு கிளைகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டனர். மனோஜி அவசரப்படாமல் அவர்களை வளைத்து அழித்தார். எண்ணிக்கையால் கிடைத்த வெற்றி என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஆற்றின் போக்கை அறிந்தவனுக்குத்தான் அப்படி ஒரு தருணம் கண்ணில் படும்.

1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி படையெடுத்து வந்தபோதும் அதே பொறுமையைப் பார்க்கிறோம். பிரெஞ்சுக்காரர் ஆதரவோடு ஆற்காட்டு நவாபு பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்கு 1749-இல் தஞ்சை எழுதிக்கொடுத்த பத்திரத்தைக் காட்டி 56 லட்சம் ரூபாய் கேட்டு, காரைக்காலிலிருந்து புறப்பட்டார் லாலி. வழியில் கீழ்வேளூர்க் கோயிலைக் கொள்ளையிட்டார். உளவாளிகள் என்று சந்தேகித்து அந்தணர் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிக் கொன்றார். ஆடி மாதம், வயலெல்லாம் ஈரம், பிரெஞ்சுப் படையிடம் வெடிமருந்தும் குறைவு, அரிசியும் குறைவு. தஞ்சை அரசு பேச்சுவார்த்தையை இழுத்தடித்தது. குதிரைப்படை வெளியே சுற்றிச்சுற்றி உணவு வரும் வழிகளை அறுத்தது. ஆகஸ்ட் 3-இல் கடற்போரில் பிரெஞ்சுக் கப்பற்படை பின்வாங்கியதும் லாலி முற்றுகையை விட்டுப் புறப்பட முடிவெடுத்தார். ஆகஸ்ட் 10 அதிகாலையில் மனோஜியின் படை கோட்டையிலிருந்து பாய்ந்து அவரை விரட்டியது. திருச்சியிலிருந்து ஆங்கிலத் தளபதி காப்டன் கலியோ அனுப்பிய உதவியும் இதில் உண்டு. ஆனால் அடி விழுந்த நேரம் மனோஜி தேர்ந்த நேரம். ஐரோப்பியப் படையை நேருக்கு நேர் வெட்டவெளியில் சந்திக்காமல் பசியாலும் சேற்றாலும் தளர்த்திய இந்தப் போர்முறையை நான் முழுமனத்தோடு மெச்சுகிறேன்.

சந்தா சாகிபின் கதைக்கு வந்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை முற்றுகையில் சிக்கியது. அதனுடன் இருந்து, தப்ப வழியில்லாமல்போன சந்தா சாகிபு, முற்றுகையிட்டோர் பக்கம் இருந்த மனோஜியிடம் பேசினார். பத்திரமாகக் காரைக்கால் கொண்டு சேர்ப்பதாக மனோஜி தன் வாளின்மீதும் குறுவாளின்மீதும் சத்தியம் செய்தார் என்று அக்கால ஆங்கில வரலாற்றாசிரியர் இராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். நம்பி வந்தவர் சிறைப்பட்டார். நவாபு முகமது அலி, மைசூரார், முராரி ராவ், ஆங்கிலேயர் என ஒவ்வொருவரும் அந்தக் கைதியைத் தமக்கே கேட்டனர். மனோஜி அந்தக் கைதியின் தலையை வெட்டச் செய்து வழக்கை முடித்துவிட்டார்.

அவருக்காக வாதாடலாம். 1749-இல் இதே சந்தா சாகிபு தஞ்சையை முற்றுகையிட்டுப் பணம் கறந்தவர். யாரிடம் ஒப்படைத்தாலும் மற்ற மூவரும் தஞ்சையைப் பகைத்திருப்பார்கள். கைதியைக் காப்பாற்ற வாய்ப்பிருந்த ஆங்கிலப் படைத்தலைவர் மேஜர் லாரன்சும் அதற்குப் பெரிதாக முயலவில்லை. இத்தனையும் உண்மை. ஆனாலும் சத்தியம் செய்துவிட்டுச் செய்த கொலைக்கு இவை ஈடாகாது. 1758 ஆகஸ்ட் 10-இல் தஞ்சைக் குதிரைவீரர் சிலர் வேலை கேட்பவர்போல் வந்து லாலியைக் கொல்ல முயன்றார்கள். அது போர்க்களத்துச் சூழ்ச்சி. எதிரி விழிப்பாக இருந்திருக்க வேண்டும். அடைக்கலம் கேட்டு வந்தவனுக்கு விழித்திருக்க இடமேது? வாக்கின் மதிப்பைப் பிற்காலத்திலும் பார்க்கலாம். வலங்கைமானில் 1869-இல் பிறந்த சீனிவாச சாஸ்திரியார், 1927-இல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியாவின் முதல் ஏஜென்டாகப் போனபோது கையில் எடுத்துச் சென்றது பேச்சை மட்டுமே. பேசுபவனின் வாக்கை எதிர்த்தரப்பு நம்பாவிட்டால் பேச்சுவார்த்தைக்கே வழியில்லை. சிறிய அரசுக்கு அந்த நம்பிக்கை படையைவிடப் பெரிய சொத்து.

மனோஜியின் குறையைவிட, அவரை நடத்திய அரண்மனையின் குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. முராரி ராவின் குதிரைவீரரை அழித்த அந்த வெற்றிக்குப் பின், அமைச்சர் சக்கோஜியின் சொல்லைக் கேட்டு மன்னர் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார். அடுத்து வந்தவரை 1754-இல் முராரி ராவ் நொறுக்கினார். அதே ஆண்டு மே மாதம் பிரெஞ்சுக்காரர் கோவிலடி அருகே காவிரிக் கரையை உடைத்துத் தண்ணீரைக் கொள்ளிடத்துக்குத் திருப்பினர். கரை உடைந்தால் தஞ்சை நாட்டுக்குக் குறுவையும் இல்லை, சம்பாவும் இல்லை. அதன் பிறகே, ஆங்கிலேயர் வற்புறுத்த, மனோஜி திரும்ப அழைக்கப்பட்டார். தன் படைத்தலைவனை வைத்துக்கொள்ள வெளியார் சொல்லவேண்டிய நிலைக்கு ஓர் அரசு வந்தபோதே அதன் சுதந்திரம் பாதி போய்விட்டது.

மனோஜியைப் பற்றி நாம் சொல்வதில் பெரும்பகுதி ஆங்கிலேயர் எழுதிவைத்தது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் மராட்டியர் கால மோடி எழுத்து ஆவணங்கள் உள்ளன. டெல்டாவில் வரலாறு படிக்கும் மாணவர்கள் மோடி எழுத்தைக் கற்று அவற்றைப் புரட்ட வேண்டும். தஞ்சையின் தரப்பிலிருந்தும் இந்த மனிதரின் வரலாறு எழுதப்பட வேண்டும்.