அறங்காவலனும் அடியாட்களும்

எகிப்திய நாவலாசிரியர் நகீப் மஹ்ஃபூஸின் ‘நமது தெருவின் பிள்ளைகள்’ 1959இல் கெய்ரோவின் அல்-அஹ்ராம் நாளிதழில் தொடராக வெளிவந்தபோது சமயவாதிகள் கொதித்தெழுந்தனர். 1967இல்தான் அது நூல்வடிவம் பெற்றது, அதுவும் பெய்ரூட்டில்.

ஜபலாவி என்னும் மூதாதை தன் மாளிகைக்குள் மறைந்து வாழ்கிறான். அவனது அறக்கட்டளைச் சொத்து தெருமக்கள் அனைவர்க்கும் உரியது. வருவாயையோ அறங்காவலன் விழுங்குகிறான். உரிமை கேட்போரை அடியாட்கள் அடக்குகின்றனர். ஜபல், ரிஃபாஆ, காசிம் என ஒருவர்பின் ஒருவராகத் தோன்றி நீதிக்குப் போராடுகின்றனர். அவர்கள் மறைந்ததும் தடி மீண்டும் தலைதூக்குகிறது.

இம்மூவரிடம் மோசே, இயேசு, நபிகள் நாயகம் ஆகியோரின் சாயலைக் கண்டு சினந்தவர்கள் அத்துடன் நின்றுவிட்டனர். ஆசிரியரின் குற்றச்சாட்டு அருளாளர்மீதன்று. அவர்கள் பெயரால் வருவாயை உண்போர் மீதேயாகும். அறிவியலையும் அவர் விட்டுவைக்கவில்லை. மாயவித்தைக்காரன் அரஃபா கண்டுபிடித்த வெடிப்புட்டி இறுதியில் அறங்காவலன் கைக்கே போய்ச் சேர்கிறது. இப்பகுதியே நாவலின் உச்சம் எனலாம்.

குறையும் உண்டு. முன்னரே வகுத்த அச்சில் வார்க்கப்பட்டமையால் பாத்திரங்கள் சில வெறும் நிழல்களாகவே நடமாடுகின்றன. காசிமின் கதையை அடையும்போது அடுத்து வருவது இன்னதென வாசகர் ஊகித்துவிடுவர்.

இத்தகைய கலைக்குறைகளைப் பேச வேண்டிய இடத்தில் கத்தி பேசிற்று. 1994இல், 82 வயதில், மஹ்ஃபூஸ் கழுத்தில் குத்தப்பட்டார். (குத்தியவன் அந்நாவலைப் படித்தவனல்லன்!) உயிர் தப்பினார், ஆயினும் எழுதும் வலக்கை நலிவுற்றது. எகிப்தில் அது நூலாக வெளிவந்தது, 2006இல் அவர் மறைந்த பின்னரே.