குகைக்குள் விழுந்த செருப்பு

எனக்குச் சொந்த ஊர் வத்தலக்குண்டு. கொடைக்கானல் போகிறவர்கள் டீ குடிக்க இறங்கும் ஊர் என்றால் பலருக்குப் புரியும். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜமய்யர் பிறந்த ஊர், பி.எஸ். ராமையாவின் ஊர், சி.சு. செல்லப்பா வளர்ந்த ஊர் என்றால் உங்களில் சிலர் நிமிர்ந்து உட்காரக்கூடும். ஆனால் இவர்களைத் தேடி ஒரு வேன்கூட எங்கள் ஊரில் நின்று நான் பார்த்ததில்லை. 2024 மார்ச்சிலிருந்து நின்ற வேன்கள் எல்லாமே கேட்டது ஒரே கேள்விதான்: “குணா குகைக்கு இன்னும் எவ்ளோ தூரம்ணே?”

அந்த வருஷம் பிப்ரவரி 22-ஆம் தேதி சிதம்பரம் இயக்கிய ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வெளியானது. 2006-இல் கொச்சி பக்கத்து மஞ்சும்மலிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் குகையின் குழிக்குள் விழுந்து, இன்னொரு நண்பர் கயிற்றில் இறங்கி அவரைத் தூக்கி வந்த உண்மைச் சம்பவம். படத்தின் கதையை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நான் திண்டுக்கல்லில் ஒரு இரவுக் காட்சியில் பார்த்தேன். சுபாஷ் சட்டென்று தரைக்குள் மறையும் அந்த இடத்தில் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. எனக்கு மட்டும் ஒரு செருப்பு ஞாபகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தக் குகையின் பெயர். பழனி மலையை 1821-இல் அளக்க வந்த வார்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியின் வழியாகத்தான் அது வெளியுலகத்துக்குத் தெரியவந்ததாகச் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் அதற்கு டெவில்ஸ் கிச்சன் என்று பேர் வைத்தார்கள். 1991 தீபாவளிக்கு சந்தான பாரதி இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ‘குணா’ வந்த பிறகு அந்தப் பேர் மெல்ல அழிந்து, கைடு, டாக்ஸிக்காரர், வனத்துறைப் பலகை எல்லாவற்றிலும் அது குணா குகை ஆகிவிட்டது. அந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் பளியர்கள். இந்த இரண்டு பெயரிலுமே அவர்கள் இல்லை.

‘குணா’ வந்தபோது அதே நாளில் ‘தளபதி’யும் வந்தது. எந்தப் படத்துக்குக் கூட்டம் போனது என்று சொல்லத் தேவையில்லை. இன்றைக்கு அதைத் திரும்பப் பார்த்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஒரு பெண்ணைக் கடத்திவந்து அடைத்துவைப்பவனின் பைத்தியத்தைத் தெய்வீகக் காதலாக நம்மிடம் விற்கிறது படம். அந்தப் பெண் ஏன் அவனை ஏற்கிறாள் என்பதற்கு ராஜாவின் இசையைத் தவிர வேறு பதில் அதில் இல்லை. ஆனால் இடத்தைப் படம்பிடித்த விதத்தில் ‘குணா’ நேர்மையானது என்று நினைக்கிறேன். ஒளிப்பதிவாளர் வேணு அந்தக் குகையை அழகுபடுத்தவில்லை. ஈரம், இருட்டு, மேலேயிருந்து கஞ்சத்தனமாக விழும் வெளிச்சம். அங்கே போய் ஒரு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று யாருக்கும் தோன்றாது. குணா அதைத் தேர்ந்தெடுப்பதும் அதனால்தான். மனுஷங்க யாரும் வராத இடம் அவனுக்கு வேண்டும். படத்துக்கு முதலில் ‘மதிகெட்டான் சோலை’ என்றுதான் பேர் வைத்திருந்தார்களாம். உள்ளே போனவன் புத்தி கலங்கி வழி தெரியாமல் அலைவான் என்று அந்தக் காட்டைப் பற்றிச் சொல்வார்கள். யாரும் வரக்கூடாது என்று ஒருவன் ஒளிந்த இடத்துக்கு அவன் பேரையே வைத்து, டிக்கெட் போட்டு, வாசலில் சோளக்கதிர் சுட்டு விற்கிறோம்.

இது குணாவோடு நிற்கவில்லை. ‘தி பீச்’ 2000-இல் வந்தது. லியோனார்டோ டிகாப்ரியோ ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாத ஒரு கடற்கரையைத் தேடிப் போவார். வரைபடத்தை வேறு யாருக்கும் காட்டக்கூடாது, கூட்டம் வந்தால் எல்லாம் முடிந்தது என்பதுதான் கதையின் முடிச்சே. அது எடுக்கப்பட்ட தாய்லாந்தின் மாயா விரிகுடாவுக்கு ஒரு கட்டத்தில் ஒரே நாளில் 5000 பேர் வரை வந்தார்கள். பவளப்பாறைகள் நாசமாகி, 2018 ஜூனில் மூடினார்கள். மூன்றரை வருஷம் கழித்து 2022 ஜனவரியில் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். இடையில் ஆளில்லாத தண்ணீருக்குச் சுறாக்கள் திரும்பி வந்திருந்தன. படக்குழு தன் பங்குக்கு அந்த மணலைத் தோண்டித் தென்னை நட்டு, ‘சொர்க்கம்’ போலத் தெரியும்படி மாற்றியது தனி வழக்காக வருஷக்கணக்கில் நீதிமன்றத்தில் நடந்தது. இயற்கையான சொர்க்கம் கேமராவுக்குப் போதவில்லை போல.

அலாஸ்காவின் பேருந்து எண் 142 இன்னும் விசித்திரம். கிறிஸ் மெக்கேண்ட்லெஸ் என்ற இளைஞர் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் காட்டுக்குள் போய், கைவிடப்பட்ட ஒரு பேருந்தில் தங்கி, 1992-இல் அங்கேயே செத்துப்போனார். ஜான் க்ராகவர் புத்தகம் எழுதினார். 2007-இல் ஷான் பென் ‘இன்டு தி வைல்ட்’ எடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேருந்தைப் பார்க்க நடந்து போனவர்களில் பலரை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. வழியிலுள்ள டெக்லானிகா ஆற்றில் இரண்டு பெண்கள், ஒருவர் 2010-இல், இன்னொருவர் 2019-இல், மூழ்கி இறந்தார்கள். கடைசியில் 2020 ஜூனில் பேருந்தையே ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அது அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. இதில் எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. படத்தில் நாம் பார்ப்பது அந்தப் பேருந்தே இல்லை. படத்துக்காகச் செய்த நகல். படப்பிடிப்பும் வேறு இடத்தில்.

குணா குகைக்கும் அதே கதைதான். ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ஸில் நம்மை நடுங்கவைத்த குகையின் உட்பகுதி கொடைக்கானலில் இல்லை. கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி கேரளாவின் பெரும்பாவூரில் போட்ட செட் அது. ஆக, இரண்டரை மணி நேரம் காட்காட் என்று மலையேறி வருகிற கூட்டம் தேடுவது பெரும்பாவூரில் பிரித்துப் போட்ட ஒரு செட்டை. கிடைப்பது என்ன? கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம், கொஞ்சம் பனி. பாம்பு பாம்பாகத் தரையெல்லாம் ஓடும் வேர்கள். அந்த வேர்களின் மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நான் போன அன்று ஒரே நேரத்தில் நாலு செல்போனில் நாலு சரணங்கள் ஓடின.

நான் இந்தப் படத்துக்கு எதிரி இல்லை. வந்த புதிதில் ஜெயமோகன் இதைக் கடுமையாகத் தாக்கி எழுதியதும், அதற்குக் கேரளாவிலிருந்து வந்த கோபமும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். குடித்துவிட்டுக் காட்டில் பாட்டில் உடைப்பவர்களைக் கொண்டாடுகிறார்கள் என்பது அவர் கோபம். காட்டில் நடந்து பார்த்தவருக்கு வருகிற கோபம் அது, பொய் இல்லை. ஆனால் அவர் படத்தை விட்டுவிட்டுப் பையன்களை விசாரித்தார் என்று எனக்குத் தோன்றியது. வேலை, கடன், ஊர்க் கிளப், வடம் இழுக்கும் போட்டி என்று வாழ்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வண்டியெடுத்துக்கொண்டு கிளம்புவதை நான் எந்த வாயால் கேலி செய்வேன்? என் தம்பிகளும் அப்படித்தான் கிளம்புகிறார்கள்.

நான் கேட்க நினைப்பது வேறு. படம் அந்த மலையைப் பார்க்கிறதா? பெரும்பாலும் இல்லை என்பேன். முதல் பாதியில் கொடைக்கானல் ஒரு கலர் போஸ்ட்கார்டு. பிற்பாதியில் ஒரு வில்லன். ஓர் இடத்தில் மட்டும் அது மலையாகவே இருக்கிறது. மழை கொட்டத் தொடங்கி, சரிவில் ஓடிவரும் தண்ணீர் மொத்தமும் மண்ணையும் கல்லையும் வாரிக்கொண்டு அந்த ஓட்டையைத் தேடிப் போகும். மேலே நிற்கும் நண்பர்கள் கையில் கிடைத்ததை வைத்து அணை போடுவார்கள். முடியாதபோது தங்கள் உடம்பையே குறுக்கே கிடத்துவார்கள். மலையில் தண்ணீர் எப்படி நடக்கும் என்று தெரிந்த ஒருவர் யோசித்த காட்சி. அந்த ஓட்டை யாரையும் விழுங்க வாயைத் திறந்து வைத்திருக்கவில்லை, அது மழைத்தண்ணீர் போகிற வழி, இவர்கள்தான் வழியில் நிற்கிறார்கள் என்று அந்த ஒரு நிமிஷம் புரிந்துவிடுகிறது. ஆனால் படத்துக்கு அதில் நிற்க நேரமில்லை. கயிறு இறங்க வேண்டும். நண்பனைத் தூக்க வேண்டும். 1991-இன் பாட்டு ஒலிக்க வேண்டும். ஒலித்தபோது நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

சிக்கல் அந்த அழுகையில்தான். வேலியைத் தாண்டியது தவறு என்று படம் சொல்லாமல் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் அடி விழுகிறது. விழுந்தவன் ராத்திரி தூங்க முடியாமல் தவிப்பதைக் காட்டுகிறார்கள். ஆனால் வேலி தாண்டாமல் இருந்திருந்தால் இந்த நட்பின் உச்சம் நமக்குக் கிடைத்திருக்காதே? உடம்பு அதைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டு தியேட்டரை விட்டு வெளியே வருகிறது. படம் வந்த சில நாட்களிலேயே தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் இறங்கிய இளைஞர்களை வனத்துறை கைது செய்த செய்தி வந்தது. அவர்களும் அதே படத்தைப் பார்த்து அழுதவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆவணப்படம் என்றால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்திருந்தேன். கார்த்திகி கொன்சால்வஸின் ‘தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்’ 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியதும் அந்த நினைப்பும் போயிற்று. முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற அனாதை யானைக்குட்டியை வளர்க்கும் படம். அதன் அழகே அதன் தனிமை. இரண்டு மனிதர்கள், ஒரு குட்டி, பிறகு இன்னொரு குட்டி, சுற்றிலும் காடு. சுற்றுலாப் பயணிகள் யானைக்குச் சாப்பாடு கொடுப்பதைப் பார்க்க வரிசையில் நிற்கிற முகாம் அது என்பது படத்தைப் பார்த்தால் தெரியவே தெரியாது. ஆஸ்கருக்குப் பிறகு பிரதமர் வந்தார், குடியரசுத் தலைவர் வந்தார், ஊரே வந்தது. எல்லோருக்கும் அந்தத் தம்பதியோடும் குட்டியோடும் ஒரு போட்டோ. ரகுவைத் தங்களிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகும்போது அவர்கள் முகத்தைக் காட்டிய அதே படம், அவர்கள் முகத்தைத் தேடி ஆட்களைக் கூட்டி வந்துவிட்டது.

எங்கள் பக்கம் 2024 மே 7-இலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. படத்தினால் மட்டும் வந்ததில்லை, கோடைக் கூட்டத்தை மலை தாங்கவில்லை என்பதே காரணம். கீழே இருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் வேறு. மேலே பெருமாள் மலை தாண்டி இருக்கும் என் அத்தையைப் பார்க்கப் போக, அந்தச் சாலையில் பிறந்து வளர்ந்த நானும் வரிசையில் நிற்கிறேன். நிற்க வேண்டியதுதான். அத்தைக்குத்தான் புரியவில்லை: “ஏண்டி, என் வீடு எப்ப சினிமா கொட்டகை ஆச்சு?”

இப்போது செருப்பு.

2010-இல், கல்லூரி இரண்டாம் வருஷம், ஹாஸ்டல் பெண்கள் ஏழு பேர் கொடைக்கானல் போனோம். எல்லோரும் பிறந்ததே ‘குணா’ வந்த காலத்தையொட்டி. யாரும் முழுசாகப் படத்தைப் பார்த்ததில்லை, பாட்டு மட்டும் தெரியும். வேலியில் ஒரு இடத்தில் கம்பி வளைந்திருந்தது. நான்தான் முதலில் குனிந்து போனேன். வேர்களில் கால் வைத்துக் கொஞ்ச தூரம் இறங்கினோம். பாறைகளுக்கு நடுவில் ஒரு வெடிப்பு, இலைச் சருகு மூடியிருந்தது. பின்னால் வந்தவளுக்குக் கால் வழுக்கி, ஒரு செருப்பு கழன்று உள்ளே போய்விட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள், அதனால் அவள் போகவில்லை. நாங்கள் எல்லோரும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். விழுந்த சத்தம் வரவே இல்லை. ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் யாரோ சிரித்தார்கள், எல்லோரும் சிரித்தோம். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே அவள் பஸ் வரைக்கும் வந்தாள். நாலு வருஷம் முன்னால் அங்கே ஒரு மனிதர் விழுந்து பிழைத்ததும், பலர் பிழைக்காததும் எங்களுக்குத் தெரியாது. வீட்டில் இன்றுவரை சொன்னதில்லை. திண்டுக்கல் தியேட்டரில் அந்தக் காட்சி வந்தபோது என் கை தானாகப் பக்கத்து ஸீட்டைப் பிடித்துக்கொண்டது. அதில் யாரோ தெரியாத அம்மா உட்கார்ந்திருந்தார். அவரும் கையை எடுக்கவில்லை.

அதே மே மாதக் கடைசியில் சித்தி பையன் தன் காலேஜ் நண்பர்களோடு வந்தான். இ-பாஸ் நானே எடுத்துக் கொடுத்தேன். “நீதான சினிமா பத்தில்லாம் எழுதுற, வாக்கா” என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். வேலியோரம் கூட்டம் கொஞ்சம் கலைந்த நேரம். அவன் நண்பன் ஒருவன் கம்பியில் காலைத் தூக்கி வைத்தான். காவலர் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். என் வாயிலிருந்து ‘போகாதே’ வரவில்லை. பதினாலு வருஷம் முன்னால் நானே குனிந்து போன வேலி. அதனால் இறங்கச் சொல்லிக் கையைப் பிடித்து, செருப்புக் கதையைச் சொன்னேன். சத்தம் கேட்காத அந்த ஒரு நிமிஷத்தை எவ்வளவு நன்றாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு நன்றாகச் சொன்னேன்.

அஞ்சு பேரும் அசையாமல் கேட்டார்கள். கம்பியில் இருந்த கால் கீழே வந்தது. சித்தி பையன் கொஞ்ச நேரம் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எந்த எடம்க்கா அது, அந்தப் பாறைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?” என்று கேட்டபடி செல்போனை எடுத்தான்.