பெக்கோ பாதை: எந்தப் பகுதி, எந்த மாதம்

இலங்கை மலையகத்தின் பெக்கோ பாதை கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், பொகவந்தலாவை, அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. நீளம் 300 கிலோமீட்டருக்கு மேல், பகுதிகள் 22. முழுவதையும் நடக்க மூன்று வாரமாவது பிடிக்கும் என்பதால் பலரும் நாலைந்து பகுதிகளையே எடுத்துக்கொள்கிறார்கள். எவற்றை எடுப்பது என்பதில்தான் ரசனை இருக்கிறது.

பாதையின் பெரும்பகுதி தோட்டங்களின் பழைய வண்டிப்பாதை. பாரம் ஏற்றிய மாடு செங்குத்தாக ஏறாது. ஆகவே தடம் மலையை வளைத்து வளைத்து, மூச்சு வாங்காத சரிவில் ஏறுகிறது. மலைப்பக்கம் ஓடும் கான் மழைநீரை வாங்கி மதகில் சேர்க்கும். பள்ளத்துப் பக்கம் கல்லடுக்கு மண்ணைத் தாங்கும். கான் தூர்ந்த இடத்தில் நீர் பாதை நடுவே ஓடி, மண் போய் உருட்டுக் கற்கள்தான் மிஞ்சும். அங்கே கணுக்கால் பத்திரம். குறுக்கு வழிகள் வேறு இனம்: தேயிலை வரிசைகளுக்கு இடையே நேராக ஏறுபவை. கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்குவோரின் பாடு வண்டிப்பாதையில் தெரியாது. ஒரு குறுக்கிலாவது ஏறிப் பார்க்க வேண்டும்.

மாதத்தைத் தேயிலையே சொல்லிவிடும். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை நனைக்கும் ஜூலை, ஆகஸ்டில் அப்புத்தளை, எல்ல அடங்கிய ஊவாப் பக்கம் காய்ந்து கச்சான் காற்று அடிக்கும். வறண்ட காற்றில் கொழுந்து மெல்ல வளர்வதால் ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற மணம் ஏறுவதும் அப்போதுதான். ஹட்டன் அடங்கிய திம்புலப் பக்கத்துக்கு அந்தப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. நல்ல தேயிலைக்கு உகந்த வெயிலும் காற்றுமே நடைக்கும் உகந்தவை. மழையில் போனால் அட்டைக்கு விருந்து.

வரலாற்றுக்கு முதல் இரண்டு பகுதிகள் போதும்: ஹந்தானையிலிருந்து கலஹா, அங்கிருந்து லூல்கந்துர. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம் அது. காட்சிக்கு அப்புத்தளை. 1890-இல் கட்டிய தம்பதென்ன தொழிற்சாலையைக் கடந்து லிப்டன் சீட் காட்சிமுனைக்கு ஏறுபவர்கள் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். காலை ஏறஏறத் தெற்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி எழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். எல்லயைச் சுற்றியுள்ள பகுதிகள் அழகுதான், ஆனால் கூட்டம் அதிகம். தனிமை தேடுவோர் பொகவந்தலாவைப் பக்கம் போகலாம்.

அப்படிப் போகிறவர்கள் தங்குமிடத்தை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. எல்லயிலும் நுவரெலியாவிலும் போல அங்கே விடுதிகள் அடுத்தடுத்து இல்லை. வழியில் வரும் லயங்கள் தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகள். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. கடையில் பிளேன்டீ குடித்தபடி அடுத்த வளைவைப் பற்றி விசாரித்தால், எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எங்கே மண் சரிந்திருக்கிறது என்று வரைபடத்தில் இல்லாததும் தெரியவரும்.