கொரியாப் பையனும் தோட்டனூத்துப் பிள்ளையும்

2015-ல் ஐ.நா. சபை வகுத்த நிலையான வளர்ச்சி இலக்குகளில் 4.7 என்று ஒன்று இருக்கு. 2030-க்குள் படிக்கிற எல்லாருக்கும் உலகக் குடிமை உணர்வும், பல பண்பாடுகளை மதிக்கிற மனசும் வரணும் என்பது அதில் ஒரு பகுதி. நம்ம 2020 தேசியக் கல்விக் கொள்கையும் இதைப் பேசுது. சரி, அஞ்சாம் வகுப்புக்குக் கீழே படிக்கிற பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது? கதை சொல்லுங்க, பல நாட்டுக் கதை சொல்லுங்க என்கிறார்கள்.

நல்ல யோசனைதான். ஆனால் அந்த மாதிரி வர்ற கதைகளைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. ஆப்பிரிக்கா என்றால் சிங்கம், ஜப்பான் என்றால் கிமோனோ, கடைசியில் எல்லாரும் கைகோத்து நிற்கிற படம். உடையும் உணவும் கொடியும் மாறுது. அந்தக் கதைகளில் யாரும் யாரையும் புண்படுத்துறதே இல்லை. எனக்கு இருக்கிற குறை அதுதான். புண்படுத்துறதைப் பற்றிப் பேசாமல் மதிக்கிறதைப் பற்றி மட்டும் எப்படிப் பேச முடியும்?

திண்டுக்கல்லை எடுத்துக்குவோம். பன்மைக்காக இங்கே யாரும் உலக வரைபடத்தைத் தேட வேண்டியதில்லை. டவுனுக்குள்ளேயே வீட்டில் சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம், உருது பேசுற குடும்பங்கள் இருக்கு. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்காங்க. ஊருக்குப் பக்கத்தில் தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கு. 2022 செப்டம்பரில் அங்கே 321 புது வீடுகளை முதல்வர் திறந்து வைத்தார். அதுக்கு முந்தின வருஷம்தான் 'அகதிகள் முகாம்' என்ற பெயரையே அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது.

ஏடுகளில் பெயர் மாறியாச்சு. 'அகதி' என்ற சொல் பள்ளிக்கூட மைதானத்தை விட்டும் போயிடுச்சா?

1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படிக்கிறாங்க. இங்கேயே பிறந்தவங்க. ஆனால் 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தால் மட்டும் குடியுரிமை வராது. பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்கணும். 2004 டிசம்பரிலிருந்து விதி இன்னும் இறுக்கம். 2019 சட்டத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணு நாட்டை மட்டும் எடுத்துக்கிட்டது. இலங்கை அதில் இல்லை. ஆக, அப்பா அம்மா ரெண்டு பேருமே முகாம்வாசிகளாக இருக்கிற பிள்ளைக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் கையில் இல்லாமல் போகலாம். அந்தப் பிள்ளையைப் பார்த்து 'நீ உலகக் குடிமகள்' என்று பாடம் நடத்துவது எவ்வளவு சங்கடமான விஷயம்!

அப்போ உள்ளூர்க் கதை போதும், வெளிநாட்டுக் கதை வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். தெட்சுகோ குரோயநாகியின் 'டோட்டோ-சான்' நம்ம ஊர் ஆசிரியர்கள் பலருக்குத் தெரிஞ்ச புத்தகம்; ஜப்பானில் 1981-ல் வந்தது, தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. ரயில்பெட்டி வகுப்பறையைப் பற்றி எல்லாரும் பேசுவாங்க. மசாவோ என்ற கொரியாப் பையன் வர்ற சின்ன அத்தியாயத்தை யாரும் அதிகம் பேசுறதில்லை.

அந்தப் பையன் டோட்டோவைப் பார்த்து வெறுப்போடு 'கொரியாக்காரி' என்று கத்துறான். அவளுக்கு ஒண்ணும் புரியலை. வீட்டில் வந்து சொன்னதும் அம்மாவின் கண் கலங்குது. எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டிருப்பாங்க, அதனால் அது வசவுச் சொல் என்றே அவன் நினைச்சுட்டான் என்று அம்மா விளக்குறாங்க. கொரியா அப்போ ஜப்பானின் காலனி. சட்டப்படி அவன் ஜப்பான் பேரரசின் பிரஜை, தெருவில் அந்நியன். தன் ஊரின் பெயரே அவனுக்குத் திட்டாகப் போயிடுச்சு.

இந்த அத்தியாயத்தைத் திண்டுக்கல்லில் ஒரு நாலாம் வகுப்பில் வாசிச்சால் என்ன ஆகும்? 'நம்ம ஊரில் அந்த மாதிரிச் சொல் எது?' என்று கேட்டால் போதும், பிள்ளைகளே பட்டியல் போடுவாங்க. சாதிச் சொல் வரும், 'இந்திக்காரன்' வரும், 'அகதி'யும் வரலாம். தூரத்துக் கதையின் உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். கிட்டத்து வலியைப் பேச அது மறைப்பு கொடுக்குது. முகாம் பிள்ளையை எழுப்பி நிறுத்தி 'உன் கதையைச் சொல்லும்மா' என்று கேட்டால், நல்லெண்ணமே அவளைக் காட்சிப்பொருள் ஆக்கிடும். மசாவோவைப் பற்றிப் பேசும்போது அவள் வாயைத் திறக்கலாம், சும்மாவும் இருக்கலாம். முடிவு அவள் கையில்.

இன்னொன்றையும் கவனிங்க. அந்த அத்தியாயத்தில் விளக்கம் சொல்ற பொறுப்பு மசாவோ தலையில் விழலை. பெரும்பான்மைப் பக்கத்து அம்மா அதை ஏத்துக்கிறாங்க. வகுப்பறையில் அந்த இடம் ஆசிரியருடையது.

கதை குடியுரிமை வாங்கித் தராது. அது சட்டத்தின் வேலை, நாடாளுமன்றத்தின் வேலை. பக்கத்து பெஞ்சுப் பிள்ளையை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுறது என்பதை மட்டும் கதை மாற்றலாம். நாலாம் வகுப்பில் உலகக் குடிமைக்கு அதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்லை.